பக்கவாத நோயாளியின் பேச்சைச் சோதிக்க நம்ம பக்கத்துப் படத்தாள் இருக்கிறதா?

வணக்கம் சிஸ்டர்ஸ், பிரதர்ஸ். ராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பாம்பன், மண்டபம், தொண்டி என்று கடல் தொழில் செய்கிறவர்கள் நிறைய வருவார்கள்.

ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டால் முதல் 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, அடுத்த 6 மணி நேரம் அரை மணிக்கு ஒருமுறை, அப்புறம் 24 மணி நேரம் முடியும்வரை மணிக்கொருமுறை பிரஷர், நினைவு, கண்மணி, கை கால் பலம் பார்க்கிறோம். பிரஷர் 180/105-ஐத் தாண்டக் கூடாது. திடீரென்று கடும் தலைவலி, வாந்தி என்றால் உடனே டாக்டருக்குப் போன். இதெல்லாம் கை பழகிய வேலை.

இடிப்பது பேச்சுச் சோதனைதான். பக்கவாதத்தின் தீவிரத்தை அளக்கும் என்.ஐ.எச். ஸ்ட்ரோக் ஸ்கேலில், நோயாளியிடம் காட்டிப் பெயர் கேட்கும் படத்தாளில் கையுறை, சாவி, கள்ளிச்செடி, நாற்காலி, இறகு, கட்டித் தொங்கும் வலைப்படுக்கை இருக்கும். போன வாரம் ஒரு பெரியவர் சாவியையும் நாற்காலியையும் டக்கென்று சொன்னார். கையுறையைக் காட்டினால் "கை", வலைப்படுக்கையைக் காட்டினால் "வலை" என்றார். வலை பின்னுகிற மனிதர் வேறென்ன சொல்வார்? நான் சரியென்று விட்டேன். அடுத்த ஷிஃப்ட் சிஸ்டர் அதைத் தவறென்று எடுத்து மதிப்பெண் போட்டுவிட்டார். இந்த ஸ்கேலில் மதிப்பெண் கூடினால் பாதிப்பு கூடுதல் என்று அர்த்தம். நோயாளி மோசமாகிவிட்டாரோ என்று வார்டே பதறியது.

நரம்பியல் மருத்துவர்கள் ஒத்துக்கொண்ட தமிழ்ப் படத்தாள் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள். நாமே வரைந்து ஒட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை, மதிப்பெண்ணை ஒப்பிட முடியாமல் போகும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாக்கியம் வாசிக்கும் பகுதியை எப்படிச் செய்கிறீர்கள்? ஷிஃப்ட் மாறும்போது இருவரும் சேர்ந்து நின்று பார்க்கும் வழக்கம் உங்கள் வார்டில் உண்டா?