முதல் மடக்குக் கத்தி: ஸ்பிரிங் வைக்கலாமா?

மணல்மேடு:
ஹேக்ஸா, அரங்கள், வைஸ், கை ட்ரில், எமரி பேப்பர் இருக்கு. முதுகில் ஸ்பிரிங் வைத்த மடக்குக் கத்தி செய்ய ஆசை. பிளேடுக்கு எதை எடுக்கலாம்: பழைய அரமா, பவர் ஹேக்ஸா பிளேடா?

உலைமுகம்:
முதல் கத்திக்கு ஸ்பிரிங் வேண்டாங்க. திறந்தாலும் பாதி மடக்கினாலும் மூடினாலும் ஸ்பிரிங் கைப்பிடி முதுகோடு சமமாக நிற்கணும். துளை கால் மி.மீ. விலகினாலே தெரிந்துவிடும். ஜப்பானின் ஹிகோனோகாமி மாதிரி செய்யுங்கள். பிளேடின் பின்னால் நீளும் வாலைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்தால் மடங்காது. ஆனால் பூட்டு கிடையாது, குத்தித் துளைக்கிற வேலைக்கு எடுக்காதீர்கள்.

பவர் ஹேக்ஸா பிளேடு பெரும்பாலும் ஹைஸ்பீட் ஸ்டீல். சாதா ட்ரில் பிட் இறங்காது, வீட்டு நெருப்பில் இளக்கவும் முடியாது. அரமே நல்லது. சிவக்கச் சுட்டு, சாம்பலில் புதைத்து, மறுநாள் எடுத்து அறுங்கள். பல் தடம் முழுக்கப் போகணும். ஒரு பள்ளம் மிஞ்சினாலும், கடினமாக்கச் சுட்டு எண்ணெயில் முக்கும்போது விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

இரும்பைத் தொடும் முன் அட்டையில் வெட்டி, குண்டூசி குத்தி மடக்கிப் பாருங்கள். மூடியபின் நுனி வெளியே தெரியக்கூடாது, கூர் ஸ்பேசரில் (கைப்பிடிப் பலகை இரண்டுக்கும் நடுவே வரும் துண்டு) இடிக்கவும் கூடாது.

கருங்கொல்லை:
துளையைச் சூடாக்கும் முன்பே போட்டுவிடுங்கள். கூர் விளிம்பை 1 மி.மீ. தடிப்பில் விடுங்கள், மெலிந்தால் வளையும். காந்தம் ஒட்டாத நிலை சுமார் 770°C. அதற்குமேல் இன்னும் சற்றுச் சிவந்ததும், 50–60°C கடலை எண்ணெயில் நுனி கீழாக நேராக இறக்குங்கள். பக்கவாட்டில் ஆட்ட வேண்டாம். எண்ணெய் இரும்பு டப்பாவில் இருக்கட்டும், தீப்பிடித்தால் மூட மூடி கைக்கெட்டும் தூரத்தில். தண்ணீரில் முக்கினால் மெல்லிய பிளேடு விரிசல் விடலாம்.

ஆறியதும் வேறொரு அரத்தால் உரசுங்கள், வழுக்கினால் கடினம் ஏறிவிட்டது. உடனே ஓடிஜி அடுப்பில் 200°C, ஒரு மணி நேரம் வீதம் இரண்டு முறை. தேய்த்த இடம் வைக்கோல் நிறமாகணும். நீலம் பாய்ந்தால் கூர் நிற்காது.

மணல்மேடு:
நன்றி. இன்னும் சூடாக்கவில்லை, 3 மி.மீ. ஆணி போட்டுப் பார்த்தேன். பிளேடு ஒரு பக்கமாகச் சாய்ந்து மூடுது. ரிவெட்டை இறுக்கினால் சரியாகுமா?

உலைமுகம்:
ஆகாது, பிளேடுதான் இறுகிப்போகும். கை ட்ரில்லில் துளை சாய்ந்திருக்கு. ட்ரில் ஸ்டாண்டில் வைத்து 4 மி.மீ.க்குப் பெரிதாக்குங்கள். கைப்பிடிப் பலகை இரண்டையும் டபுள் டேப்பால் ஒட்டி, ஒரே தடவையில் துளையுங்கள்.

ஸ்பேசர் தடிப்பு = பிளேடு + இரண்டு பித்தளை வாஷர். எமரி போட்டால் பிளேடு மெலியும், அதனால் ஸ்பேசரைக் கடைசியில் அளந்து தேயுங்கள். வாஷர் போடாமல் விட்டால் மழைக்காலத்தில் மரம் ஊதி பிளேடைப் பிடிக்கும்.

ரிவெட்டுக்குப் பித்தளைக் கம்பி, இரு பக்கமும் 2 மி.மீ. நீட்டி, துளை வாயைச் சற்று அகலப்படுத்துங்கள். வாஷருக்கும் பிளேடுக்கும் நடுவே நோட்டுத் தாள் ஒன்றைச் சொருகி, சின்னச் சுத்தியலால் மெல்ல மெல்ல அடியுங்கள். தாளை இழுத்தெடுத்தால் தேவையான இடைவெளி இருக்கும்.

கருங்கொல்லை:
வால் வந்து முட்டும் இடத்தை அவசரப்பட்டுத் தேய்க்காதீர்கள். பிவட்டிலிருந்து (பிளேடு சுழலும் ரிவெட்) 10 மி.மீ. தள்ளி அரை மி.மீ. போனால், 80 மி.மீ. தள்ளி இருக்கும் நுனி 4 மி.மீ. நகரும். இரண்டு உரசல், ஒரு சோதனை என்றே போங்கள்.