கொறங்காட்டை அடமானம் வைத்து ஜெர்மனிக்குப் படிக்கப் போகலாமா?

கேள்வி: காங்கேயம் மாணவி

அனைவருக்கும் வணக்கம். கோவையில் ஜவுளித் தொழில்நுட்பம் இறுதியாண்டு படிக்கிறேன். ஆகனிலும் டிரெஸ்டனிலும் நெசவுத் தொழில்நுட்பத்துக்கென்றே தனி ஆய்வு நிறுவனங்கள் இருப்பதால், முதுநிலைப் படிப்பை ஜெர்மனியில் படிக்க வேண்டும் என்பது என் இரண்டாண்டு ஆசை. அப்பா எங்கள் நான்கு ஏக்கர் கொறங்காட்டை, அதாவது மேய்ச்சல் நிலத்தை, ஒரு ஃபைனான்ஸில் அடமானம் வைத்துப் பணம் திரட்டலாம் என்கிறார். அது அப்பாரு கிளுவை வேலி போட்டுக் காத்த காடு. இன்றும் எங்கள் ஆறு மாடுகள் அங்கேதான் மேய்கின்றன. ஜெர்மனியில் கட்டணமே கிடையாது என்று கல்லூரியில் சொல்கிறார்கள்; இருபத்தைந்து லட்சம் இல்லாமல் முடியாது என்று ஏஜென்ட் சொல்கிறார். எது உண்மை? படிப்பு எப்படி இருக்கும் என்பதையும் அங்கே இருப்பவர்கள் மறைக்காமல் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: பெருந்துறைக்காரர், ஜெர்மனியில் மூன்றாம் செமஸ்டர்

தங்கைக்கு வணக்கம். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் பாடன் வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் நம்மைப் போன்றவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணம் விதிக்கிறது. ஆகவே ஒவ்வொரு படிப்பின் விதியையும் அந்தப் பல்கலைக்கழகத்தின் தளத்திலேயே பாருங்கள். விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்டில், அதாவது மாதாமாதம் குறித்த தொகை மட்டுமே எடுக்க முடிகிற கணக்கில், 11,904 யூரோ காட்ட வேண்டும். அது யாருக்கும் கட்டுகிற பணம் அல்ல. மாதம் 992 யூரோவாக உங்கள் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் உங்களிடமே திரும்பி வரும். படிக்கும்போது ஆண்டுக்கு 140 முழு நாள்கள் அல்லது 280 அரை நாள்கள் வேலை செய்ய அனுமதி உண்டு. ஆனால் முதல் செமஸ்டரில் அந்த வருமானத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

பணத்தைவிடப் படிப்பைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். நம் கல்லூரியில் இன்டர்னல் மதிப்பெண் கை கொடுக்கும், வருகைப் பதிவேடு நம்மை வகுப்பில் உட்கார வைக்கும். இங்கே என் பாடங்களில் பலவற்றுக்கு அவை இரண்டும் இல்லை; வகுப்புக்குப் போகாவிட்டாலும் ஏன் என்று யாரும் கேட்பதில்லை, பருவ முடிவில் எழுதும் இரண்டு மணி நேரத் தேர்வு ஒன்றே முழு மதிப்பெண்ணையும் முடிவு செய்கிறது. அந்தத் தேர்வுக்கும் நாமே குறித்த தேதிக்குள் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். முதல் பருவத்தில் வெப்ப இயக்கவியலில் தோற்றேன். இங்கே 1.0 தான் மிக உயர்ந்த மதிப்பெண், 4.0 வரை தேர்ச்சி, 5.0 என்றால் தோல்வி. அம்மா போனில் கேட்டபோது "அஞ்சு" என்று மட்டும் சொன்னேன். முந்தைய பாடத்தில் இரண்டு வாங்கியவன் இதில் ஐந்து வாங்கிவிட்டேன் என்று அவர் மகிழ்ந்துபோனார், நானும் திருத்தவில்லை. எங்கள் துறையில் ஒரு பாடத்தை மூன்று முறை மட்டுமே எழுதலாம், மூன்றாவதிலும் தவறினால் அந்தப் படிப்பே போய்விடும் என்பது தெரிந்திருந்ததால், அடுத்த மூன்று வாரம் எனக்குச் சரியான தூக்கமே இல்லை.

திருத்திய விடைத்தாளைப் பார்க்க ஒரு நாள் ஒதுக்குவார்கள் என்று அறைத் தோழன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். போனேன். ஆய்வு உதவியாளர் தாளை விரித்து, நான் விடையாக எழுதிய எண் சரியாக இருந்த கணக்கிலேயே பாதி மதிப்பெண் போயிருப்பதைக் காட்டினார். எந்த அனுமானத்தில் அந்தச் சமன்பாட்டை எடுத்தேன் என்று ஒரு வரிகூட நான் எழுதவில்லை. சூத்திரத்தை மனப்பாடமாக இறக்கி வைத்திருந்தேன். நான்கு ஆண்டுகள் எனக்கு மதிப்பெண் வாங்கித் தந்த பழக்கம் அது. அன்று இரவு அரிசியும் பருப்புஞ்சாதம் வைத்துவிட்டு அப்பாவை அழைத்து உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை, அடுத்த தேர்வு எப்போது என்று மட்டும் கேட்டார். இரண்டாம் முறையில் 2.3 வந்தது. தோல்வியை வீட்டில் மறைத்த அந்த மூன்று வாரம்தான் இங்கே நான் பட்டதிலேயே பெரிய கஷ்டம். நீங்கள் கிளம்பும் முன்பே இந்த மதிப்பெண் முறையை அப்பா அம்மாவுக்கு விளக்கிவிடுங்கள்.

இப்போதே ஜெர்மன் மொழி படிக்கத் தொடங்குங்கள். பாடம் ஆங்கிலத்தில் இருந்தாலும் வீட்டு உரிமையாளரின் கடிதமும் காப்பீட்டுக் கடிதமும் ஜெர்மனில்தான் வரும். நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்கும் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். 2022 நவம்பரிலிருந்து அது இல்லாமல் நமக்கு மாணவர் விசா இல்லை.

பதில்: கோபி, ஓய்வு பெற்ற வங்கி அலுவலர்

அம்மிணி, கொறங்காட்டை ஃபைனான்ஸில் வைக்க வேண்டாம் என்று உங்கள் அப்பாவிடம் உரிமையோடு சொல்லுங்கள். கடன் திரும்பாதபோது நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை வங்கி எடுத்துக்கொள்ள வழி செய்வது சர்ஃபேசி சட்டம்; விவசாய நிலத்தை அதன் கீழ் வங்கி கைப்பற்ற முடியாது என்பதால், கல்விக் கடனுக்கு அதை ஈடாக ஏற்க வங்கிகள் தயங்குகின்றன. அதனால்தான் இப்படிப்பட்ட நிலங்கள் அதிக வட்டிக்குத் தனியாரிடம் போகின்றன. பொதுத்துறை வங்கிகளின் கல்விக் கடன் திட்டத்தில் வழக்கமாக ஏழரை லட்சம் வரை சொத்து ஈடு கேட்பதில்லை, அதற்கு மேல்தான் சொத்து ஈடு வேண்டும். படிக்கும் காலத்திலும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை இல்லை. அந்தக் காலத்து வட்டியும் தனிவட்டிதான். யூரோவை நூறு ரூபாய் என்று வைத்தால்கூட பிளாக்டு அக்கவுண்டுக்கு ஏறக்குறைய பன்னிரண்டு லட்சம் ஆகிறது. ஏஜென்ட் சொன்ன இருபத்தைந்து லட்சம் எதற்கு என்று அவரிடமே எழுத்தில் வாங்குங்கள்.

காங்கேயம் மாணவி

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. அண்ணன் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், 5.0 என்றால் தோல்வி என்பதை இரண்டு முறை கேட்டுக்கொண்டார். ஐயா, ஊருக்குள் ஆத்தா (அப்பாவின் அம்மா) பெயரில் ஓர் ஓட்டு வீடு இருக்கிறது. ஆத்தா இப்போது இல்லை. அதை ஈடாக வைக்க முடியுமா?

கோபி, ஓய்வு பெற்ற வங்கி அலுவலர்

முடியும் அம்மிணி. முதலில் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, உங்கள் அப்பாவின் உடன்பிறந்தவர்களையும் அழைத்துப் பேசுங்கள். அத்தைமார் உட்பட வாரிசுகள் அனைவரும் வங்கிக்கு வந்து கையெழுத்திட வேண்டும், இல்லையென்றால் அவர்கள் தங்கள் பங்கை உங்கள் அப்பாவுக்கு விடுதலைப் பத்திரமாகப் பதிந்து தர வேண்டும். மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு, சேர்க்கைக் கடிதம் வரும்வரை காத்திராமல் இந்த மாதமே வங்கி மேலாளரைப் பாருங்கள்.