ரீஃப் தொட்டியில் (பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி) பொடிக் குமிழி: எங்கிருந்து வருகிறது, எப்படி நிற்கும்? (அனுபவப் பகிர்வு)

சம்ப்வாசி:
தொட்டி முழுக்கப் பொடிப் பொடியாகக் குமிழி சுற்றினால் பலரும் முதலில் செய்வது, சம்பில் (தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டும் தொட்டி) இடம் கிடைத்த பக்கமெல்லாம் ஸ்பாஞ்சைத் திணிப்பதுதான். இரண்டு நாள் தெளிவாக இருக்கும். பிறகு ஸ்பாஞ்ச் அடைத்துக்கொள்ளும், ரிட்டர்ன் அறையில் (தொட்டிக்கு நீரைத் திருப்பி ஏற்றும் பம்ப் உறிஞ்சும் அறை) நீர் இறங்கும், முன்பைவிட மோசமாகும். மூலத்தைக் கண்டுபிடித்த பிறகு ஸ்பாஞ்சைப் பற்றி யோசிக்கலாம்.

கண்டுபிடிக்கிற முறை எளிது. ஸ்கிம்மரை (குமிழி அடித்துக் கழிவைப் பிரிக்கும் கருவி) மட்டும் அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். தெளிந்தால் ஆள் அதுதான். தெளியவில்லையென்றால் ஸ்கிம்மரைப் போட்டுவிட்டு வேவ்மேக்கரை (தொட்டிக்குள் நீரோட்டம் தரும் பம்ப்) அணையுங்கள். அப்போதும் குறையவில்லையா? அறை விளக்கை அணைத்து, ரிட்டர்ன் குழாயின் வாயில் பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். புகை மாதிரி விடாமல் வந்தால் காற்று பம்புக்கு முன்னாலேயே கலக்கிறது. விட்டுவிட்டுத் துப்பினால் ரிட்டர்ன் அறையில் சுழி விழுந்து பம்ப் அவ்வப்போது காற்றைக் குடிக்கிறது.

நன்னீர்த் தொட்டியில் இவ்வளவு பாடு இல்லாததற்குக் காரணம் உண்டு. உப்புநீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாவதில்லை, உப்பு அதைத் தடுக்கிறது. 0.1 மி.மீ. குமிழி நொடிக்கு அரை செ.மீ. அளவுக்குத்தான் மேலே ஏறும். எந்தச் சிறு நீரோட்டமும் அதை இழுத்துக்கொண்டு போய்விடும்.

நாலடித்தொட்டி:
அந்த அரை செ.மீ. கணக்கை வைத்துத்தான் பஃபிளை (சம்பின் அறைகளைப் பிரிக்கும் தடுப்புக் கண்ணாடி) பார்க்க வேண்டும், அண்ணா. மூன்று கண்ணாடி வைத்த குமிழித் தடுப்பில், முதல் கண்ணாடிக்கு மேலே வழிந்து, இரண்டாவதற்குக் கீழே நுழைந்து, மூன்றாவதற்கு மேலே நீர் போகும். குமிழி பிரிய வேண்டிய இடம் முதல் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே நீர் கீழே இறங்கும் சந்து.

சம்பின் அகலம் 30 செ.மீ., சந்து 2.5 செ.மீ. என்றால் குறுக்களவு 75 சதுர செ.மீ. மணிக்கு 3000 லிட்டர் ஓடினால் அந்தச் சந்தில் நீர் நொடிக்கு 11 செ.மீ. வேகத்தில் இறங்குகிறது. பொடிக் குமிழி தப்பிக்க வழியே இல்லை. சந்தை 5 செ.மீ. ஆக்கி, ஓட்டத்தை 1500 லிட்டருக்குக் குறைத்தால் வேகம் 3 செ.மீ.க்குக் கீழே வந்துவிடும். பெரிய குமிழி எல்லாம் அங்கேயே மேலே ஏறிவிடும். மிகப் பொடியானது அப்போதும் தப்பும், அதை மூலத்தில்தான் நிறுத்த முடியும்.

4×1.5×1.5 அடித் தொட்டிக்கு மணிக்கு 1500 லிட்டர் ரிட்டர்ன் தாராளம். பவளத்துக்கு வேண்டிய நீரோட்டத்தை வேவ்மேக்கர் கொடுக்கட்டும். பம்ப் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள், அது உயரமே ஏற்றாதபோது வரும் அளவு. ரிட்டர்ன் வாயில் பத்து லிட்டர் வாளியைப் பிடித்துப் பாருங்கள். 24 நொடியில் நிறைந்தால் மணிக்கு 1500 லிட்டர்.

அடுத்தது, அதிகம் பேர் கவனிக்காத இடம்: மூன்றாவது கண்ணாடியிலிருந்து ரிட்டர்ன் அறைக்குள் விழும் நீர். ஆவியாகும் நீர் முழுக்க இந்த ஓர் அறையில்தான் குறையும், மற்ற அறைகளின் மட்டத்தைக் கண்ணாடிகள் பிடித்துவைத்திருக்கும். அறை 30×25 செ.மீ. என்று வைத்தால், கோடையில் ஃபேன் போட்டு 4 லிட்டர் ஆவியானாலே மட்டம் 5 செ.மீ.க்கு மேல் இறங்கிவிடும். காலையில் சத்தமில்லாமல் வழிந்த நீர் மாலையில் அருவியாக விழுந்து, குமிழியைப் பம்பின் வாயிலேயே கொண்டுபோய் விடும். தெளிந்த தொட்டி சாயங்காலம் மட்டும் கலங்குகிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள். ஆட்டோ டாப்-அப் (ஆவியான நீரைத் தானே நிரப்பும் கருவி) வைத்து, மட்டத்தை மூன்றாவது கண்ணாடியின் விளிம்புக்கு 2–3 செ.மீ. கீழே நிறுத்தினால் போதும். டாப்-அப்புக்கு ஆர்.ஓ.டி.ஐ. நீர் (உப்பும் தாதுவும் நீக்கிய நீர்) மட்டும்தான், உப்புநீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

குழாய்வேலை:
வெளியே வைக்கும் பம்ப் என்றால் உறிஞ்சும் பக்க இணைப்புகளைச் சந்தேகப்படுங்கள். அங்கே ஓட்டை இருந்தால் நீர் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். அதனால் காய்ந்து கிடக்கும் யூனியனை (கழற்றி மாட்டும் குழாய் இணைப்பு) பார்த்து நல்லது என்று விட்டுவிடுகிறோம். பம்ப் ஓடும்போது ஒவ்வொரு இணைப்பின் மேலும் மெதுவாக நீர் ஊற்றுங்கள். எதில் ஊற்றும்போது குமிழி சில நொடி நிற்கிறதோ, அதுதான் ஓட்டை. யூனியனாக இருந்தால் ஓ-ரிங்கைத் துடைத்து சிலிகான் கிரீஸ் தடவிப் போடுங்கள். மரை இணைப்பு என்றால் டெஃப்லான் டேப்பை மரை முடுக்கும் திசையிலேயே சுற்றி முடுக்குங்கள். இதைத் தள்ளிப்போடக் கூடாது. பம்புக்குள் போகும் காற்று அழுத்தத்தில் நீரில் கரைந்து, வாயு அளவுக்கு மீறினால் மீனின் கண், துடுப்பில் குமிழி கட்டும். கடல்குதிரை வைத்திருப்பவர்கள் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

ஓவர்ஃபுளோ (தொட்டியிலிருந்து சம்புக்கு நீர் இறங்கும் வழி) பக்கம்: டர்சோ குழாய் (உச்சியில் காற்றுத் துளை உள்ள இறக்கு குழாய்) காற்றையும் சேர்த்தே கீழே இறக்கும், அதன் அமைப்பே அப்படி. இரண்டு துளை இருந்தால் ஹெர்பி முறைக்கு மாற்றுங்கள். ஒரு குழாயில் கேட் வால்வ் வைத்து, குழாய் வாய்க்கு மேல் நீர் நிற்கும் அளவு மூடினால் காற்றே போகாது. இரண்டாவது குழாய் அவசரத்துக்கு, அதில் வால்வ் வேண்டாம். பால் வால்வில் நுணுக்கமாகத் திருக வராது, கேட் வால்வ்தான் வாங்க வேண்டும். சம்பில் குழாய் முனை 2–3 செ.மீ. மட்டும் மூழ்கட்டும். ஆழமாக விட்டால் கரண்ட் போய் வரும்போது உள்ளே மாட்டிய காற்று வெளியேற முடியாமல் குமுறும். ஒரே துளைதான் இருக்கிறது என்றால் அதில் வால்வே போடாதீர்கள். ஒரு நத்தை அடைத்தாலும் வீடு முழுக்க உப்புநீர்.

உப்புநீர்:
ஸ்கிம்மர் பற்றி: புதியது ஒன்றிரண்டு வாரம் குமிழி துப்பும், விட்டுவிடலாம். பழகிய ஸ்கிம்மர் துப்பினால் வெளியேற்று வால்வைப் பாருங்கள். அதிகம் திறந்திருந்தால் உடலுக்குள் நீர்மட்டம் தாழ்ந்து, குமிழி அடி வழியே வெளியேறும். கொஞ்சமாக மூடி, ஒரு மணி நேரம் விட்டுப் பார்த்து, கழிவு சேரும் கப்பின் கழுத்தடிக்கு மட்டம் வரும்வரை திருகுங்கள். ஸ்கிம்மர் நிற்கும் அறையின் மட்டம் மாறாமல் இருக்க வேண்டும், மாடலுக்குச் சொன்ன ஆழத்துக்கு பி.வி.சி. துண்டு வைத்து உயர்த்தலாம்.

பவளம் ஒட்டும் எபாக்ஸி, குளோரின் நீக்கி இரண்டில் எதைப் போட்ட அன்றும் எந்த ஸ்கிம்மரும் கட்டுக்கடங்காது. வால்வைத் தொட வேண்டாம். ஆக்டிவேட்டட் கார்பன் (வடிகட்டும் கரி) போட்டு, வெளியேற்றுக் குழாயில் 200 மைக்ரான் ஃபில்டர் சாக் (வடிகட்டும் பை) மாட்டி, ஓரிரு நாள் விடுங்கள். சாக்கை மூன்று நாளைக்கு ஒருமுறை கழுவ முடியாதவர்கள் நிரந்தரமாக மாட்ட வேண்டாம், சிக்கிய கழிவு நைட்ரேட்டாகத்தான் திரும்பும்.

நாலடித்தொட்டி:
இன்னொன்று, ரிட்டர்ன் குழாயில் பின்னோட்டம் தடுக்கப் போடும் துளை நீர்மட்டத்துக்கு மேலே இருந்தால் பீய்ச்சி அடித்துக் குமிழி கிளப்பும். ஒரு செ.மீ. கீழே இருக்கட்டும், மாதம் ஒருமுறை பல்குத்தியால் பாசியை எடுத்துவிடுங்கள்.

மணலிலும் பாறையிலும் ஒட்டியிருக்கும் குமிழியைப் பார்த்துக் குழாயை நோண்டாதீர்கள். மதியத்துக்கு மேல் கூடி, விளக்கு அணைந்து சில மணி நேரத்தில் மறைந்தால் அது பாசி விடும் ஆக்ஸிஜன். பழுப்பு நூல் மாதிரி வழவழப்பும் நுனியில் குமிழியும் இருந்தால் டைனோஃபிளாஜெலேட் (ஒருசெல் நுண்ணுயிர்) ஆக இருக்கலாம். அப்போது நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் அளந்து, இரண்டும் பூஜ்யத்தில் கிடக்கிறதா என்று பாருங்கள்.