உதவி: சென்னையில் பாஸ், டொரண்டோவில் ஃபெயில், ரீ-ரன் கொடுத்தால் பச்சை

கேள்வி

வணக்கம். பைத்தான் மொழி, ஃபிளாஸ்க் வெப் ஃபிரேம்வொர்க், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். சிஐ (கோடு மாறும்போது டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் ஏற்பாடு) கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் ஓடுகிறது. குழுவில் ஐந்து பேர் சென்னை, இரண்டு பேர் டொரண்டோ. இன்வாய்ஸ் தேதியைச் சரிபார்க்கும் ஒரு டெஸ்ட் டொரண்டோ ஆட்கள் புல் ரிக்வெஸ்ட் (கோடு மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) போட்டால் அடிக்கடி விழுகிறது. காலையில் நாங்கள் வந்து அதே கமிட்டுக்கு (பதிவான அதே கோடு மாற்றத்துக்கு) ரீ-ரன் கொடுத்தால் பாஸ். எங்கள் லேப்டாப்பில் ஒருநாளும் விழுந்ததில்லை. "அவங்க கோடுதான் உடையுது" என்று பேச்சு வந்துவிட்டது. கடைசியாக விழுந்த மூன்று லாக்கின் நேரம், யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்): 19:12, 20:47, 23:05. தானாகவே மூன்று முறை ரீட்ரை செய்யும் பிளகின் போட்டுவிடலாமா?

பதில் 1

பிளகின் வேண்டாம், விடை உங்கள் லாக்கிலேயே இருக்கிறது. மூன்று நேரத்தோடும் 5:30 கூட்டுங்கள்: 0:42, 2:17, 4:35. மூன்றுமே இந்தியாவில் நள்ளிரவுக்கும் விடிகாலை ஐந்தரைக்கும் நடுவில். அந்த ஐந்தரை மணி நேரமும் இந்தியத் தேதி யுடிசி தேதியைவிட ஒரு நாள் முன்னால் இருக்கும். கிட்ஹப் தரும் லினக்ஸ் ரன்னர்கள் (டெஸ்டை ஓட்டும் இயந்திரங்கள்) யுடிசியில்தான் ஓடுகின்றன.

இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். இன்வாய்ஸ் தேதியைக் கோடு எப்படி எடுக்கிறது, டெஸ்ட் எப்படி எடுக்கிறது? டொரண்டோ லேப்டாப்பில் மதியம் இரண்டரைக்குப் பிறகு ஓட்டினால் அங்கேயும் விழுகிறதா? கோடைகாலத்தில் அங்கே 2:30 ஆகும்போதுதான் இங்கே நள்ளிரவு, குளிர்காலத்தில் 1:30.

கேட்டவர்

கோடில் டேட்.டுடே(), அதாவது ஓடும் கணினியின் கடிகாரத் தேதி. டெஸ்டில் ஆசியா/கொல்கத்தா டைம்ஸோன் கொடுத்து எடுக்கிறோம். ஆமாம், அவர்கள் லேப்டாப்பிலும் மதியத்துக்கு மேல் விழுகிறது. அதற்கு அவர்கள் போட்ட டிக்கெட் "லோக்கல் செட்டப் பிரச்சினை" என்று மூடப்பட்டிருக்கிறது.

பதில் 1

அந்த டிக்கெட்டை இன்றே திறங்கள். டெஸ்ட் சரி, கோடுதான் தப்பு. உங்கள் புரொடக்‌ஷன் சர்வரும் யுடிசியில் இருந்தால், இந்திய நேரம் இரவு 12 முதல் 5:30 வரை உருவாகும் ஒவ்வொரு இன்வாய்ஸிலும் முந்தைய நாள் தேதி விழுகிறது. ஏப்ரல் 1 அதிகாலை இரண்டு மணிக்குப் போட்ட பில் மார்ச் 31 என்று பதிவாகி, பழைய நிதியாண்டின் எண் வரிசைக்குள் போய்விடும். ஜிஎஸ்டி விதிப்படி இன்வாய்ஸ் எண் நிதியாண்டுக்குள் வரிசையாக, திரும்ப வராததாக இருக்க வேண்டும். கணக்குப் பிரிவுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

முதலில் பிழையை எந்த நேரத்திலும் வரவழைக்க வேண்டும். ஃப்ரீஸ்கன் லைப்ரரியில் கடிகாரத்தை 2024-03-31 20:30 என்று நிறுத்துங்கள். அது யுடிசியாகவே எடுத்துக்கொள்ளும். இந்தியாவில் அப்போது ஏப்ரல் 1, 02:00. டேட்.டுடே() மார்ச் 31 என்று சொல்லும், டெஸ்ட் சென்னை லேப்டாப்பிலும் பட்டப்பகலில் விழும். அந்த டெஸ்டைத் தனி கமிட்டாகப் போடுங்கள், ரிவ்யூ செய்பவர் அது சிவப்பாவதைப் பார்க்கட்டும். அடுத்த கமிட்டில் திருத்தம்: பைத்தானின் டைம்ஸோன் மாட்யூலான ஸோன்இன்ஃபோ வழியாகக் கொல்கத்தா நேரத்தை எடுத்து அதிலிருந்து தேதி தரும் ஒரே ஒரு ஃபங்ஷன், எல்லா இடத்திலும் அதையே அழையுங்கள். கோடில் தவறுகளைத் தேடும் ரஃப் லிண்டரில் டிடிஇசட் (டைம்ஸோன்) விதிகளை ஆன் செய்தால் டைம்ஸோன் இல்லாத அழைப்பு மறுபடி நுழையாது.

சிஐயின் டைம்ஸோனை மட்டும் கொல்கத்தா என்று மாற்றிவிடாதீர்கள். பில்டு பச்சையாகும், சர்வர் தப்புத் தேதியே போட்டுக்கொண்டிருக்கும். பழைய இன்வாய்ஸ்களையும் நீங்களாக அப்டேட் செய்ய வேண்டாம். உருவான நேரத்தை இந்திய நேரத்துக்கு மாற்றி, தேதி ஒத்துப்போகாதவற்றைப் பட்டியலெடுத்துக் கணக்குப் பிரிவிடம் கொடுங்கள். மாதக் கடைசியில் விழுந்தவைதான் அவர்களுக்கு முக்கியம்.

பதில் 2

ரீட்ரை பிளகின் ஏன் கூடாது என்பதற்கு ஒரு கணக்கு. பத்துக்கு ஒருமுறை மட்டும் வெளிப்படும் உண்மையான பிழை, மூன்று முயற்சி கொடுத்தால் ஆயிரத்துக்கு ஒருமுறைதான் சிவப்பு காட்டும். மறுபக்கம், நூறு டெஸ்ட் தலா ஒரு சதவீதம் தடுமாறினால் முழுத் தொகுப்பும் பச்சையாக வரும் வாய்ப்பு 37 சதவீதம்தான். அப்புறம் சிவப்பை யாரும் மதிக்க மாட்டார்கள்.

ரீ-ரன் பட்டனை ஒழிக்கத் தேவையில்லை, விலை வையுங்கள். அழுத்துபவர் டெஸ்டின் பெயர், லாக் லிங்க், விழுந்த நேரம் மூன்றையும் பொதுவான ஒரு டிக்கெட்டில் எழுத வேண்டும். அதே டெஸ்ட் இரண்டாம் முறை வந்தால் ஒருவர் பெயரில் ஒதுக்கிவிடுங்கள். உடனே முடியாதென்றால் டெஸ்டைத் தனியாகப் பிரித்து ஓட்டலாம், ஆனால் பொறுப்பாளர் பெயரும் இரண்டு வாரக் கெடுவும் கூடவே இருக்க வேண்டும். உங்கள் இழையில் மூன்று நேரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் விடை வந்தது. அந்தக் குறிப்பு முன்பே இருந்திருந்தால் டொரண்டோ ஆட்கள் மேல் பழி போயிருக்காது. "லோக்கல் செட்டப்" என்று டிக்கெட்டை மூடுவதற்கு முன், போட்டவர் திரையைப் பகிர இருவரும் சேர்ந்து ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதையும் வழக்கமாக்குங்கள்.

கேட்டவர்

ஃப்ரீஸ்கன் போட்டதும் இங்கேயும் விழுந்தது. மிக்க நன்றி. டிக்கெட்டைத் திறந்து, டொரண்டோவில் அதை எழுதியவரையே ரிவ்யூவராகப் போட்டிருக்கிறோம். இன்னொரு டெஸ்ட் நேரம் காலம் இல்லாமல் விழுகிறது: வாடிக்கையாளர் பட்டியலின் வரிசை மாறிவிடுகிறது.

பதில் 1

கொயரியில் ஆர்டர் பை (வரிசைப்படுத்தும் கட்டளை) இருக்கிறதா? இல்லையென்றால் போஸ்ட்கிரெஸ் எந்த வரிசைக்கும் உத்தரவாதம் தராது. பெயரால் மட்டும் வரிசைப்படுத்தினால் ஒரே பெயர் இருவருக்கு இருக்கும்போது மறுபடி ஆடும். பெயருக்குப் பின் ஐடியையும் சேருங்கள். பட்டியல் பைத்தான் செட் (வரிசை இல்லாத தொகுப்பு) வழியாக வருகிறது என்றால் சரங்களின் ஹாஷ் (உள்ளே இடத்தைத் தீர்மானிக்கும் எண்) ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறும், அங்கே வரிசைப்படுத்தும் சார்ட்டட் ஃபங்ஷனைப் போடுங்கள். இதைத் தேதி திருத்தத்தோடு கலக்காமல் தனி புல் ரிக்வெஸ்டாக அனுப்புங்கள்.