செட்டிநாட்டில் நீங்கள் பார்த்த, பெயர் தெரியாத கேடயப் பூச்சி: அனுபவப் பகிர்வு

ஊருணிக்கரை:
கானாடுகாத்தான் தாண்டி ஒரு கோயில் காட்டு ஓரம், காரைப் புதரில் பார்த்தது. ஐப்பசி மழை வெறித்த காலை. கேடயப் பூச்சி இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான், நாவாய்ப்பூச்சிச் சாதி. ஆனால் இது கருந்தவிட்டு நிறம். முதுகு முக்கோணத் தகட்டின் மேல்மூலை இரண்டிலும் தந்த நிறப் புள்ளி, கீழ் நுனியில் வெளிர்ப் பிறைக்கீற்று. தலையின் முன்பக்கம் இரண்டாகப் பிளந்திருந்தது. விரலைக் கிட்டே நீட்டினேன். ஓடவில்லை. உடம்பை என் பக்கம் சாய்த்துக்கொண்டு அப்படியே நின்றது. கொத்தமல்லித் தழையைக் கசக்கிய வாசம் குப்பென்று வந்தது. அடுத்த நொடி கிளைக்கு அடியில் போய் மறைந்துவிட்டது. கிடைத்த படங்களோடெல்லாம் ஒப்பிட்டேன், அந்தப் பிறை எதிலும் இல்லை. புது இனமாக இருக்குமோ என்ற நினைப்பு இன்னும் விடவில்லை.

வேப்பமரத்தடி:
அது ஹாலிஸ் என்ற கேடயப் பூச்சியாக இருக்கலாம், நானும் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டு முகப்புக்கு எதிரே பெரிய வேம்பு. செருப்பை மாட்ட மரத்தில் கை ஊன்றினேன், உள்ளங்கைக்குக் கீழே பட்டை நகர்ந்தது! நெஞ்சே நின்றுவிட்டது. பட்டையின் சொரசொரப்பு, நிறம், வெடிப்பு எல்லாம் அப்படியே அதன் முதுகில் இருந்தது. அன்றிலிருந்து எந்த வேம்பையும் உற்றுப் பார்க்காமல் தொடுவதில்லை.

ஊருணிக்கரை:
ஹாலிஸ் எனக்கும் தெரியும் அண்ணே. அது பட்டையில் அப்பிக்கிடக்கும். நான் பார்த்தது தளிர்க் குச்சியில், முதுகு வழவழப்பாக இருந்தது.

பள்ளத்தூர்க்காரி:
முட்டைகளோடு நடந்த கதை என்னுடையது. கொல்லைக் கறிவேப்பிலையின் இலை அடியில் கேடயப் பூச்சி முட்டைகள் சின்னச் சின்னப் பீப்பாய்களாக, வரிசை பிசகாமல் ஒட்டியிருந்தன. என்ன பூச்சி என்று பார்க்கவேண்டும் என்று இலையோடு பாட்டிலில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்தேன். ஒரு காலையில் பாட்டில் முழுக்கக் கறுப்புப் பொடி பறக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் குளவிகள்! எள்ளைவிடச் சின்னது. ஆச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "பூச்சி வயித்துல பூச்சியா?" என்றார்கள். குஞ்சு வந்திருந்தால் முட்டையின் மூடி வட்டமாகத் திறந்திருக்குமாம். இதில் ஒவ்வொன்றிலும் கடித்துத் துளைத்த ஓட்டை. முட்டை இட்டது எந்தப் பூச்சி என்பது கடைசிவரை தெரியவில்லை.

தேவகோட்டை வயல்:
நாவாய்ப்பூச்சி எல்லாமே சாறு உறிஞ்சும் கேடு என்று எங்கள் ஊரில் பேசுகிறார்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன். வரப்போரம் நெல் தாளில், தோள்பட்டை இரண்டிலும் முள் நீட்டிய ஒன்று, இலைச்சுருட்டுப் புழுவைக் குத்தித் தூக்கிக்கொண்டு நின்றது. புழு அந்தரத்தில் தொங்கியது. ஆண்ட்ராலஸ் என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதன் மூக்குக்குழல் அடியில் தடித்திருக்கும், சாறு உறிஞ்சுகிறவற்றுக்கு மெலிந்திருக்கும். அதைப் பார்க்காமல் மருந்து அடிக்காதீர்கள். பக்கத்து வயலில் அன்று சாயந்திரமே அடித்துவிட்டார்கள். எனக்கு ஆறவே இல்லை.

நுண்ணோக்கி:
ஊருணிக்கரை, புள்ளியை வைத்துப் புது இனம் என்று சொல்ல முடியாது. மூலையில் தந்தப் புள்ளி எய்சர்கோரிஸ் பேரினத்திலும் உண்டு. அவை பயறு அளவுதான், தலையும் பிளந்திருக்காது. உங்களுடையது என்ன அளவு? நான் படிக்கும்போது நடந்ததைச் சொல்கிறேன். வெளியில் அச்சு அசல் ஒன்றாக இருந்த இரண்டு ஆண் பூச்சிகளின் பின்நுனிக் கூட்டைப் பிரித்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இளக்கி, நுண்ணோக்கியில் வைத்தேன். ஒன்றின் இனப்பெருக்கக் கொக்கி அரிவாள் போல வளைந்திருந்தது, மற்றது நேராக, நுனி பிளந்து. அந்த நிமிடம் கை நடுங்கியது.

அதனால் முதலில் வளர்ந்த ஆண் பூச்சி வேண்டும். இறக்கை முளைக்காத குஞ்சு உதவாது, ஐந்து பருவத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் காட்டும். படத்தில் உணர்கொம்பின் கணுக்களை எண்ணுங்கள்: இந்தக் குடும்பத்தில் குஞ்சுக்கு நாலு, வளர்ந்ததற்கு ஐந்து. பிடித்தால் ஃபார்மலினில் போடாதீர்கள், மரபணு கெட்டுப்போகும். ஒன்றை அடர் ஆல்கஹாலில் வையுங்கள். இன்னொன்றை உலர்த்தி, முதுகுத் தகட்டின் வலப்பக்கமாக ஊசி குத்துங்கள், நடுவில் குத்தினால் பார்க்கவேண்டிய இடமே போய்விடும். பச்சைப் பூச்சி ஆல்கஹாலில் மஞ்சளாகிவிடும், நிறத்தை உயிரோடு இருக்கும்போதே எழுதிவையுங்கள். ஊர், தேதி, செடி, பிடித்தவர் பெயர் நான்கும் சீட்டில் இருக்கவேண்டும். சீட்டில்லாத பூச்சியை எவரும் ஏற்கமாட்டார்கள்.

அப்புறம் ஒப்பீடு. டிஸ்டன்ட் என்ற பூச்சியியலாளர் 1902-இல் பிரிட்டிஷ் இந்தியாவின் நாவாய்ப்பூச்சிகளைப் பற்றி எழுதிய நூலின் முதல் தொகுதியில் ஆரம்பியுங்கள். அவர் பெயரிட்ட பல இனங்களின் மூல மாதிரிகள், அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமான பூச்சிகள், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பழைய பெயர் ஒன்று அங்கே தூங்கிக்கொண்டிருந்தால் உங்கள் புதுப் பெயர் செல்லாது. நிஜமாகவே புதிதென்றால் ஒரே ஒரு பூச்சியை மூல மாதிரியாகக் குறித்து விளக்கம் வெளியிடவேண்டும். 2002 பல்லுயிர்ச் சட்டப்படி அரசு குறித்த காப்பகத்தில் மாதிரியையும் ஒப்படைக்கவேண்டும். கொல்கத்தாவில் இருக்கும் இந்திய விலங்கியல் ஆய்வகம் அப்படி ஒன்று.

வேப்பமரத்தடி:
ஒரு பூச்சிக்கு இவ்வளவா? படம் தெளிவாக இருந்தால் போதாதா?

நுண்ணோக்கி:
கொக்கி உடம்புக்குள்ளே இருக்கிறது ஐயா. படத்தில் எப்படித் தெரியும்?

ஊருணிக்கரை:
கட்டைவிரல் நகத்தில் முக்கால் இருக்கும், எய்சர்கோரிஸ் இல்லை. படத்தைப் பெரிதாக்கி எண்ணினேன், உணர்கொம்பில் ஐந்து கணு. வளர்ந்ததுதான். இறக்கையின் சவ்வும் பின்நுனிவரை வந்திருக்கிறது. அந்தக் காட்டில் ஒரு குச்சி ஒடிக்க விடமாட்டார்கள், முதலில் பூசாரியிடம் கேட்கவேண்டும். அவர் சரி என்றால் புதருக்கு அடியில் குடையைத் தலைகீழாக விரித்துப் பிடித்து மெல்லத் தட்டிப் பார்க்கப்போகிறேன். காரைக்குடிப் பக்கம் யாரிடமாவது மெர்க்குரி பல்பும் வெள்ளை வேட்டியும் இருந்தால் ராத்திரி வெளிச்சம் வைத்தும் பார்க்கலாம். வருகிறவர்கள் சொல்லுங்கள்.

பள்ளத்தூர்க்காரி:
வேட்டி இருக்கிறது. பல்புக்குத் தம்பியிடம் கேட்கிறேன்.