கரீபியன் தீவுகளில் எங்கே சாப்பிட்டீர்கள்?

தென்கரை:

சென்ற ஆண்டு நானும் என் கணவரும் டிரினிடாட்டில் 9 நாள் இருந்தோம். முதல் இரவு, அலுப்பில், போர்ட் ஆஃப் ஸ்பெயினில் தங்கிய விடுதியிலேயே சாப்பிட்டுத் தொலைத்தோம். வெள்ளை விரிப்பு, மெழுகுவர்த்தி, உப்புச் சப்பில்லாத பாஸ்தா, கண்ணைக் கட்டும் பில். பாஸ்தா தின்னவா இத்தனை கடல் தாண்டி வந்தோம் என்று அவர் தூங்கும்வரை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை டாக்சி ஓட்டுநரிடம் "இங்கே நல்ல உணவகம் எது?" என்று கேட்டேன். அவர் சொன்ன மூன்றும் முந்தின இரவுக் கடைக்கு அண்ணன் தம்பிகள். கேள்வியை மாற்றினேன். "நீங்கள் இன்று காலை எங்கே சாப்பிட்டீர்கள்?" மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. வண்டியைத் திருப்பிக் கியூரீப் சந்திப்பில் கொண்டுபோய் நிறுத்தினார்.

கடை என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. ஒரு குடை, ஒரு மேசை, துணி சுற்றிய பெட்டி. அதிலிருந்துதான் டபுள்ஸ் வருகிறது. கடைக்காரர் மெழுகுத்தாளை விரித்து, மஞ்சள் சேர்த்துப் பொரித்த இரண்டு பாராக்களை ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறினாற்போல் போடுகிறார். பாரா பூரியைவிட மெத்தென்றிருக்கும். மேலே குழைய வெந்த கொண்டைக்கடலை, புளிச் சட்னி, வெள்ளரித் துருவல், ஷாடோ பெனி என்கிற நீண்ட இலைக் கொத்தமல்லியின் பச்சைச் சாறு. தாளின் இரு முனைகளையும் முறுக்கிக் கையில் தருவதற்குப் பத்து நொடிகூட ஆகவில்லை. நாற்காலி கிடையாது. வங்கி ஊழியர், பள்ளிக்கூடப் பிள்ளை, போலீஸ்காரர் எல்லோரும் நின்றபடி, சட்டையில் சிந்தாமலிருக்க முன்னால் குனிந்து சாப்பிடுகிறார்கள். எங்களுக்கு மட்டும் அந்தக் குனிவு கைவரவில்லை. என் கணவரின் வெள்ளைச் சட்டை அன்றோடு மஞ்சள் சட்டையாயிற்று.

காரம் எவ்வளவு என்று கேட்பார்கள். "ஸ்லைட்" என்றால் ஒரு தீற்றல். என் கணவர் ஊறுகாயைச் சோறு போல் தின்கிறவர், மார்தட்டி "ஹெவி" என்றார். 2012இல் உலகிலேயே காரமானது என்று அமெரிக்க ஆய்வாளர்கள் அறிவித்த மொருகா ஸ்கார்பியன் மிளகாய் இந்தத் தீவின் தெற்கில் விளைந்தது என்பதை நான் பிறகுதான் அவரிடம் சொன்னேன். அதற்குள் வரிசையில் நின்ற ஒரு பாட்டி இளநீருக்கு வழிகாட்டிவிட்டார்.

அந்த ஓட்டுநரிடம் நாங்கள் கற்றது ஒன்று: இங்கே உணவுக்கு நேரம் உண்டு. டபுள்ஸ் காலைக்கு, பத்து மணிக்குப் பெட்டியைக் கவிழ்த்துவிட்டுப் போய்விடுகிறவர்கள் நிறைய. நண்பகலில் ரொட்டிக் கடை. பட்டாணிப் பருப்புப் பொடி அடைத்த தால்பூரியில் கறியைச் சுற்றித் தருவார்கள். அல்லது 'பஸ்-அப்-ஷட்' கேளுங்கள். கிழிந்த சட்டை என்று பொருள். தட்டித் தட்டிக் கந்தலாக்கிய பரோட்டாதான், நம் கொத்துப் பரோட்டா ரசிகர்களுக்கு அறிமுகமே தேவையில்லை.

மராக்காஸ் கடற்கரையில் பேக் அண்ட் ஷார்க், அதாவது பொரித்த ரொட்டிக்குள் வைத்த சுறா, பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் சேர்க்க ஒன்றுமில்லை. சுறா வேண்டாமென்றால் வேறு மீனும் கிடைக்கிறது.

சான் ஃபெர்னாண்டோவுக்குத் தெற்கே டெபே என்ற ஊரைத் தவறவிடாதீர்கள். சாலையோரம் வரிசையாகக் கடைகள். சேப்பங்கிழங்கு இலையில் மாவு தடவிச் சுட்ட சஹீனா, உருளைக்கிழங்கு பை, போண்டா போன்ற புலோரி. சைவக்காரர்கள் அங்கேயே குடியேறிவிடலாம். சொற்களெல்லாம் போஜ்புரி வாடை: ஆலு, பைகன், கீரா. 1845 மே 30 அன்று ஃபாட்டல் ரசாக் கப்பலில் தொடங்கி 1917 வரை வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வடக்கத்தியர்கள் அல்லவா. அதனால்தான் சாகுவானாஸ் சந்தையில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு கிழவி கட்டுக்கட்டாகப் பச்சை இலை வைத்திருந்தார். பெயர் கேட்டேன். "காரப்புலே" என்றார். கிள்ளி முகர்ந்தேன். கறிவேப்பிலை! மெட்ராஸிலிருந்து கப்பலேறிய சிலர் அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்கள் மொழியிலும் கிட்டத்தட்ட அதே பெயர்தான் என்றேன். கிழவி பெரிதாக அசரவில்லை. இரண்டு கட்டு வாங்குகிறாயா என்றார்.

மிளகுரசம்:

அக்கா பக்கத்துத் தீவான டொபேகோவுக்குப் போகவில்லை போலிருக்கிறது. விமான நிலையத்திலிருந்து நடந்தே போகலாம், ஸ்டோர் பே கடற்கரை. பெண்கள் நடத்தும் சிறு சமையற்கூடங்கள் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. நண்டுக் குழம்பும், அதோடு வேகவைத்த தட்டையான மாவு உருண்டையும் கேளுங்கள். நான் முதல் நாள் மூன்று மணிக்கு அசைந்து அசைந்து போனேன். "நண்டு தீர்ந்துவிட்டது, கண்ணா" என்று அந்த அம்மா மூடிய பாத்திரத்தைத் தட்டிக் காட்டினார். மறுநாள் பதினொன்றரைக்கே ஆஜர். கரண்டியை எடுத்தேன், அவர் பிடுங்கி வைத்துவிட்டார். கையால் உடைத்து உறிஞ்ச வேண்டுமாம். நாகப்பட்டினத்துக்காரனுக்கே பாடம்!

பயணப்பை:

கறிவேப்பிலை என்றதும் எழுதத் தோன்றியது. பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பில் மதிய உணவுக் கடையின் கரும்பலகையில் 'கொலம்போ' என்று சாக்கட்டியில் எழுதியிருந்தது. இலங்கையோடு என்ன தொடர்பு என்று குழம்பினேன். குழம்பேதான்! நம் சொல்லிலிருந்து வந்தது என்று சொல்கிறார்கள். மல்லி, சீரகம், கடுகு, வெந்தயம், மஞ்சள் அரைத்த பொடியில் ஆட்டுக்கறி. 1854 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியாக அங்கே போனவர்களில் நம்மவர்கள் நிறைய. ருசி நம் வீட்டுக் குழம்பு அல்ல, புளி கிடையாது, காரமும் அடங்கியே இருக்கும். ஆனால் வாசனை வரும் திசையில் கால் தானாகப் போய்விடுகிறது. மாலையில் பசித்தால் வண்டிகளில் போக்கிட், எண்ணெயில் பொரித்த ரொட்டிக்குள் கருவாட்டுப் பொரியல் மாதிரி ஒன்றை அடைத்தது. மதியம் இரண்டுக்குப் பிறகு அடுப்பை அணைத்துவிடுகிறார்கள், அதை மட்டும் கவனியுங்கள்.

தென்கரை:

மிளகுரசம் தம்பி, டொபேகோ அடுத்த முறை. ஒன்று விட்டுப்போயிற்று. போர்ட் ஆஃப் ஸ்பெயினில் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் மெட்ராஸ் தெரு என்றே ஒன்று இருக்கிறது, பக்கத்திலேயே கல்கத்தா தெரு. அந்தப் பக்கம் இரவு நெடுநேரம் சோளச் சூப் விற்கிறார்கள். சைவம் என்றால் பன்றிவால் போட்டதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நான் பாதிக் கிண்ணம் குடித்த பிறகுதான் கேட்டேன்.