புதுப்பிப்பு: டபுள் கெப்பின் 'க்ளிக்' சத்தம் பிடிபட்டது

உதவிய எல்லோருக்கும் நன்றி. என் டபுள் கெப் பிக்கப் மெதுவாகப் போகும்போது அடியில் 'க்ளிக், க்ளிக்', ரிவர்ஸ் போட்டால் 'டொக்' என்று சத்தம் வருகிறது, ஏன் என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். நான் சீவி ஜொயின்ட் (சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் மூட்டு) என்று நினைத்தேன். பின்பக்க யூ ஜொயின்டை, அதாவது பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாப்டின் மூட்டைப் பார்க்கச் சொன்ன அண்ணா சொன்னதுதான் சரி. நியூட்ரலில் ரேஸ் பண்ணினால் சத்தமில்லை, வண்டி உருளும் வேகத்தோடு மட்டும் கூடியது. சக்கரத்துக்குக் கட்டை வைத்து புரொப்பெல்லர் ஷாப்டைக் கையால் முறுக்கினேன், ஆட்டம் தெரிந்தது. கழற்றினால் யூ ஜொயின்டின் ஒரு கப்பில் (பெயாரிங் இருக்கும் மூடி) கிரீஸ் துளியும் இல்லை. ஊசி பெயாரிங் சிவப்புத் துருப்பொடியாகக் கொட்டியது. மழை வெள்ளத்தில் ஓட்டியதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கொழும்பில் உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் புதிய யூ ஜொயின்ட் வாங்கிப் போட்டேன், இரண்டு சத்தமும் போய்விட்டன. கழற்றுமுன் ஷாப்டிலும் அது பூட்டும் தட்டிலும் (ஃப்ளேஞ்ச்) ஒரே கோட்டில் பெயின்ட் அடையாளம் வையுங்கள். மாறிப் பூட்டினால் அதிர்வு வரலாம்.

எதிர்பாராதது, பள்ளத்தில் இறங்கும்போது வந்த 'கீச்' அப்படியே இருக்கிறது. அது லீப் ஸ்பிரிங் (பட்டை ஸ்பிரிங்) முனையில் இருக்கும் புஷ். அடுத்த வாரம் மாற்றுகிறேன்.